பச்சையில் ஒடித்தவர்கள்

சிறு விவசாயிகள் போடும் விதைக்கும் உரத்துக்கும் உழைப்புக்கும் எவ்வளவு சோளம் திரும்பக் கிடைக்கிறது என்று கணிப்பதுதான் கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலை விவசாய அலுவலகத்தில் என் வேலை. அந்தப் போகத்தில் என் மனம் ஒரு நிலத்தில்தான் கிடந்தது. ஹுன்னஸ்கிரியவுக்குக் கீழே, சரிவில், அக்காவும் அத்தானும் குத்தகைக்கு எடுத்த நிலம். சோளம் கைகொடுக்காவிட்டால் அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவாள். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. அவள் மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை.

நிலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசை நேர். களை இல்லை. யூரியா நேரத்துக்குப் போட்டிருந்தார்கள். படைப்புழு வந்தபோது அக்கா ஒவ்வொரு குருத்தாகப் பிரித்துக் கையாலேயே நசுக்கினாள்.

குரங்குகள் எல்லா நிலத்துக்கும் பிரிந்து போனவரை சேதம் தாங்கக்கூடியதாக இருந்தது. பிறகு பக்கத்து நிலத்துக்காரர் பயந்து, சோளப் பொத்திகளை முற்றும் முன் பச்சையிலேயே ஒடித்து, வீதியோரம் அவித்து விற்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அவரைப் பார்த்து மேல் நிலத்துக்காரரும் ஒடித்தார். இங்கே எப்போதும் இப்படித்தான். ஒருவர் ஒடித்தால் குரங்குகள் மிச்ச நிலங்களில் கூடும். அதனால் எல்லோரும் முந்துவார்கள். முற்றிய சோளம் எவருக்கும் மிஞ்சாது.

“நாமளும் ஒடிச்சிருவோமா?” என்று நான் போயிருந்த சனிக்கிழமை கேட்டார் அத்தான்.

“பச்சையா வித்தா உரத்துக்கே காணாது. காஞ்ச மணியா குடுத்தாத்தான் நான் இங்க இருக்கலாம். நீங்க காவலுக்கு இருங்க” என்றாள் அக்கா.

“இருக்கேனே. அதுங்க என்னையும் சொந்தக்காரன்னு நெனச்சு பக்கத்துலயே வந்து உக்காருதுங்க.”

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அத்தான் கீழ்ப்பக்கம் விரட்ட, கூட்டம் மேல்பக்கமாக இறங்கியிருக்கிறது. தட்டைகள் முறிந்து கிடந்தன. ஒரு கடி கடித்து எறிந்த பொத்திகள் வரப்பெல்லாம் கிடந்தன. நாங்கள் மூவரும் பொறுக்கினோம். மணியை நகத்தால் அழுத்தினால் பால் வந்தது. பெரும்பாலானவை மாட்டுக்குத்தான் ஆகும்.

என் கணிப்பில் எல்லா நிலங்களையும் வரிசைப்படுத்தியபோது அக்காவின் நிலம் கடைசியில் வந்தது. களையே பிடுங்காத பக்கத்து நிலம் அதற்கு மேலே. நான் எப்படிப் போட்டுப் பார்த்தாலும் அப்படியே வந்தது. உழைப்பு கூடக்கூட அக்கா கீழே போனாள்.

“வர்ற கிழம கண்டியில மெடிக்கல். நீயும் வர்றியா?” என்று அக்கா போனில் கேட்டாள்.

போனேன். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை, தாராளமாகப் போகலாம் என்றார்கள்.