நான் வெட்டி எறிந்த பட்டை

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். வாசிக்கச் சிரமமாக இருந்தால் மன்னிக்க வேண்டும். எஸ்தர் டீச்சரோடு மலைப்பக்கம் நடக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவும்.

1. முதல் மேப்

சங்கரன்கோவிலில் ஒரு பழைய புத்தகக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் தறியில் இருந்தேன். கடையில் ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் உண்டு. மூடிப்போன பள்ளிக்கூடங்களின் நூலகப் புத்தகங்கள் மூட்டையாக வரும். அட்லஸ், சுவர் மேப், ரோடு மேப், அரசாங்கம் அச்சடித்த டோப்போ ஷீட் என்று அதில் என்னவெல்லாமோ கிடக்கும். யாரிடமும் அதிகம் பேச வராத ஆள் என்பதால் முதலாளி அண்ணாச்சி என்னை மேப் அடுக்குக்குப் போட்டார்.

முதன்முதலில் மேப் கேட்டு வந்தவர் மோட்டார் சைக்கிளில் லடாக் போகிறவர். அடுக்கில் இருந்ததிலேயே தடிமனான அட்லஸை எடுத்து நீட்டினேன். அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"ஏலே முருகேசா, அவரு ரோட்டுல போப்போறாரா, பரீட்சை எழுதப்போறாரா? எந்த நாட்டுல என்ன வெளையுதுன்னு பாத்துக்கிட்டா வண்டி ஓட்டுவாரு?"

வந்தவரும் சிரித்தார். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்கப் பழகினேன். எதில் போகிறீர்கள், எத்தனை நாள், போன் கிடைக்காத இடமா. வண்டிக்காரருக்கு ரோடு மேப். சைக்கிள்காரருக்கு ஏற்ற இறக்கம் தெரிகிற மேப். நடக்கிறவருக்கு டோப்போ ஷீட்தான் சரி. அதில் ஓடை, ஒற்றையடிப் பாதை, கிணறு வரைக்கும் இருக்கும். அச்சான வருடத்தைப் பார்க்க வேண்டும். மடிப்பு விழுந்த இடத்தில் ஊர் அழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை ஈரம் பட்ட கறையைக் குளம் என்று நினைத்து ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அவர் போகவில்லை.

இப்படிக் கொஞ்சம் பெயர் வந்தது. மேப் வேண்டுமென்றால் முருகேசனைக் கேள் என்று ராஜபாளையத்திலிருந்துகூட ஆள் வந்தார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது.

2. பைக்குள் வைக்கிற மாதிரி

எஸ்தர் டீச்சர் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். லீவு நாளில் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவார். வழி பார்ப்பது அவர்தான். என்றாவது இமயமலைப் பக்கம் இவர்களைக் கூட்டிப்போக வேண்டும் என்று அதற்கான மேப்பையெல்லாம் என்னிடம் ஒவ்வொன்றாகச் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தார்.

போன வருடம் வாசுதேவநல்லூர் அடிவாரத்திலிருந்து ராயகிரிப் பக்கம் நடக்க ஒரு ஷீட் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணே, இவ்வளவு பெரிசைக் காத்துல பிரிச்சா கிழிஞ்சிரும். பையில வைக்கிற மாதிரி செஞ்சு தாங்க. ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு தூரம்னு மட்டும் மறக்காம போட்டிருங்க. இவுஹளுக்கு சுகர். ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும். அதை வச்சுத்தான் தூரத்தைக் கணக்குப் பண்ணணும்."

இவுஹ என்றது அவர் கணவர் செல்வின் சாரை. அவர் வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

வேண்டிய பகுதி ஏ-த்ரீ தாளுக்குச் சரியாக இருந்தது. ஆனால் லேமினேஷன் பவுச் ஏ-ஃபோர்தான் இருந்தது. ஜெராக்ஸ் மிஷினில் எழுபத்தொன்று சதவீதம் என்று ஒரு பட்டன் உண்டு. பெரிய தாளைச் சின்னத் தாளுக்குள் அடக்கிவிடும். ஒரு நாளைக்கு முப்பது தடவை அமுக்குகிற பட்டன் அது. அமுக்கினேன். ஷீட்டின் ஓரத்தில் "1 செ.மீ. = அரை கி.மீ." என்ற கணக்கு இருந்தது. அதற்குக் கீழே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு பட்டை. சேலைக் கரை மாதிரி அழகுக்கு அடித்தது என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஓரம் பவுச்சில் நிற்காது என்று நகலிலிருந்து பட்டையோடு சேர்த்து வெட்டி எறிந்தேன். கணக்கை மட்டும் மார்க்கர் பேனாவில் நானே எழுதினேன். என் எழுத்து ஒரு மேப்பில் ஏறியது அதுதான் முதல் தடவை. நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

3. தராசுத் தட்டு

மூன்று வாரம் கழித்து டீச்சர் ஒரு பை நிறைய மேப்போடு வந்தார். இமயமலை மேப்பும் அதில் இருந்தது.

"இதையெல்லாம் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. எனக்கு மேப் பாக்கத் தெரியல."

என்ன நடந்தது என்று அண்ணாச்சி கேட்டார். ஏழு கிலோமீட்டர் என்று அளந்து, பத்து மணிக்குப் போய்விடலாம் என்று அந்த அளவுக்குத்தான் தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்திருக்கிறார்கள். நடக்க நடக்கப் பாதை முடியவில்லை. ஓடை காய்ந்து கிடந்தது. போனில் டவர் இல்லை. பதினொரு மணிக்கு மேல் செல்வின் சார் வியர்த்து, பேச்சு குழறி, மயங்கி விழுந்துவிட்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து கருப்பட்டியைக் கரைத்து வாயில் விட்டுப் பிழைக்க வைத்திருக்கிறார்.

"இனிமே ஒரு பய என் பின்னால வரமாட்டான். வீட்டுல தெனமும் அதே பேச்சுதான். ஏட்டி, அடுப்படிக்கும் அறைக்கும் எத்தன கிலோமீட்டர்னு அளந்து சொல்லுன்னு கேக்காஹ."

"மேப்பு என்ன செய்யும் டீச்சர்? பாக்கிறவுஹ பாக்கணும்லா" என்றார் அண்ணாச்சி. கடைமேல் பேச்சு வந்துவிடக் கூடாது என்று அவருக்கு.

நான் அந்த லேமினேஷன் அட்டையைக் கையில் எடுத்தேன். அசல் ஷீட் மேஜைக்கு அடியிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தேன். அசலில் உள்ள பாதையில் அட்டை முக்கால் பங்கைக்கூட மறைக்கவில்லை. ஸ்கேல் வைத்தேன். அசலில் இருபது சென்டிமீட்டர், அட்டையில் பதினாலு. தாள் சுருங்கியிருக்கிறது. நான் எழுதிய கணக்கு சுருங்கவில்லை. பத்து கிலோமீட்டரை ஏழு என்று சொல்லியிருக்கிறது என் கையெழுத்து. ஒரு கட்டத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று காட்டுகிற அந்தக் கறுப்பு வெள்ளைப் பட்டையை விட்டுவைத்திருந்தால் அதுவும் மேப்போடு சேர்ந்து சுருங்கிச் சரியான தூரத்தைக் காட்டியிருக்கும். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீச்சர் எனக்கு இரண்டடி தூரத்தில் நின்றார். வாயைத் திறந்திருக்கலாம். அட்டையை மடியில் செருகிக்கொண்டு, அவருடைய மேப்பையெல்லாம் எடைக்கு எடுக்கிற பழைய தாள் மாதிரி தராசுத் தட்டில் தூக்கி வைத்தேன். அவர் போய்விட்டார்.

4. ஆறு மாதம்

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் நான் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவேன். அவருடைய மேப் எதையும் விற்கவில்லை, தனியாகக் கட்டி வைத்தேன். அதைப் பெரிய நல்லது செய்ததுபோல் நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள், நடக்கிற கூட்டத்திலிருந்து இரண்டு பேர் ஷீட் கேட்டு வந்தார்கள். டீச்சரைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அந்தம்மாவா? எங்களக் கொல்லப் பாத்துச்சு வே. நல்ல மேப்பா நீங்க பாத்துக் குடுங்க."

என்னை நம்பிக் கேட்டார்கள். ஷீட்டை எடுக்கக் கை வரவில்லை. இல்லை என்று அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் அசலையும் அட்டையையும் ஒரு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். செல்வின் சார்தான் கதவைத் திறந்தார். இரண்டு பேர் முன்னாலும் வைத்து அளந்து காட்டினேன். அவர் ஸ்கேலை வாங்கித் தானும் ஒரு தடவை அளந்தார். ஸ்கேலை மேப்பின் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

டீச்சர் கேட்டது ஒன்றுதான்.

"எப்போண்ணே தெரிஞ்சுது?"

"நீங்க கொண்டாந்து போட்டீங்கள்லா, அன்னைக்கே."

"அது ஆறு மாசம் ஆச்சே."

வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரியாமல் செய்த தப்புக்கு அவர் முகம் மாறவில்லை. அந்த ஆறு மாதத்துக்குத்தான் மாறியது. கட்டி வைத்திருந்த மேப்பை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நான் சொன்னா கூட நடக்க வர்றவுஹ நம்பமாட்டாஹ. நீங்க எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துல."

அதற்கும் எனக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது. எழுத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதுதான் காரணம்.

மேப்பைச் சின்னதாக்கினால் ஓரத்துப் பட்டையை வெட்டாதீர்கள். தப்பு தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். டீச்சர் சரியாகத்தான் அளந்தார். தப்பாக எழுதியவன் நான். இதே கையெழுத்துதான், அந்த அட்டையையும் இதோடு சேர்த்து வைக்கிறேன், ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவில்,
புரட்டாசி 9, வியாழக்கிழமை.