ஒதியம்போவின் அந்துப்பூச்சி

என் கணவர் ஸ்ரீதரன் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் "மியூசியத்தில்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். மேலே தோண்டினால், செத்த அந்துப்பூச்சியின் பின்பக்கத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார் என்று சொல்லவேண்டி வரும். வெம்பிளியில் கலியாணப் பந்தியில் இருந்துகொண்டு சொல்கிற கதையா அது?

ஆனால் உண்மை அதுதான். சோளம், நாணல், கோரை இவற்றின் தண்டுக்குள் புழுவாகக் கிடந்து குடைந்து தின்று, பிறகு அந்தாகப் பறக்கிற இனங்கள் ஆபிரிக்காவில் ஏராளம். எல்லாம் ஒரே வைக்கோல் நிறம். ஆணின் வால்நுனியை வெட்டிக் காரக் கரைசலில் ஊறவைத்து, சதை கரைந்தபின் எஞ்சுகிற இரண்டு கவ்விகளைப் பார்த்துத்தான் இன்ன இனம் என்று பிரிப்பார்கள். எள்ளளவு சாமான். அதைக் காட்டாமல் புது இனம் என்று எழுதினால் அந்தத் துறையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கென்யாவில் ஒதியம்போ என்றொரு மனிதர் இருந்தார். ஏரிக்கரைச் சதுப்பில் இறங்கிக் கோரைத் தண்டுகளைப் பிளந்து, புழுவை எடுத்து வளர்த்து, அந்தாக்கி இவருக்கு அனுப்புவார். கடைசிப் பெட்டியில் இதுவரை யாரும் பெயர் வைக்காத பூச்சி ஒன்று வந்தது. பெண்கள் சில, ஆண் ஒன்றே ஒன்று. பிறகு அந்தச் சதுப்பையே மண்போட்டு நிரப்பிவிட்டார்கள். ஒதியம்போவும் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீடியோவில் வந்தபோது, பூச்சிக்கு உங்கள் பெயரைத்தான் வைப்பேன் என்று இவர் சொன்னார். அந்த மனிதர் சிரித்ததை நானும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த மாதமே போய்விட்டார்.

மியூசியத்தில் இவர்களுடைய பகுதியை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். அறைக்குப் பூட்டு. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி மைக்ரோஸ்கோப்பையும் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். நான் கத்தினேன். யார் கேட்டது?

ஒரு சனிக்கிழமை அந்த ஒற்றை ஆணின் வால்நுனி தயாராகி, ஒரு குட்டிக் கண்ணாடிக் கிண்ணியில் ஸ்பிரிட்டுக்குள் கிடந்தது. மத்தியானம் இவருடைய தங்கை தவமலர் பார்க்கிங் என்கிற ஊரிலிருந்து ட்ரெயின் பிடித்து வந்தாள். மேசையின் ஒரு கரையில் பூச்சி, மறுகரையில் மீன்குழம்பு. சாப்பிட்டுவிட்டு இவர் சோபாவில் கண்ணயர்ந்தார். நான் அறைக்குள் போனில் இருந்தேன்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பிட்ட கையோடு சிங்க்கில் போய் நிற்பார்கள். கழுவாமல் எழும்பி வருவது மரியாதையில்லை. தவமலர் சட்டி, கோப்பை எல்லாம் மினுங்கக் கழுவிவைத்துவிட்டு, "மச்சாள், போட்டு வாறன்" என்று வாசலில் நின்று சத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவர் எழும்பிப் பார்த்தார். மேசை பளிச்சென்றிருந்தது. கிண்ணி கழுவிய பாத்திரங்களோடு கவிழ்ந்து கிடந்தது.

ஐயோ, அந்த முகத்தை நான் என்ன சொல்ல! சிங்க்குக்குக் கீழே படுத்துக் குழாயைக் கழற்றினார். வந்த ஊத்தையையெல்லாம் என் தேத்தண்ணி வடியில் வடித்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தார். கடுகு. சீரகம். கறிவேப்பிலை நரம்பு. திரும்பவும் கடுகு. கடைசியில் ஈரத் தரையிலேயே இருந்துவிட்டார்.

"போச்சுது வல்லி. அந்த மனுசனுக்கு நான் என்னத்தைச் சொல்லுவன்?"

செத்தவருக்கு என்ன சொல்ல முடியும்? இவர் விம்மி விம்மி அழுததைக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் கண்டதில்லை. போனைத் தூக்கினேன். "அவளை இண்டைக்கு நாலு கேள்வி கேக்காமல் விடமாட்டன்."

"கத்தாதையும்," என்று போனைப் பறித்தார். "அவளுக்கு என்ன தெரியும்? பாவம்."

"பாவமோ? இஞ்சேருங்கோ, பாவம் நாங்கள்!"

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே அவளுக்கு எடுத்தார். "வீட்டை போய்ச் சேந்திட்டியோ, தவம்?" அவ்வளவுதான் கேட்டார். எப்படித்தான் அந்தக் குரல் வந்ததோ!

"இன்னும் ட்ரெயினுக்கைதான் அண்ணை. அந்தக் குட்டிக் கிண்ணியிலை என்னத்தை வைச்சனீங்கள்? மணம் தாங்கேலாது. அடியிலை ஏதோ ஊத்தை ஒட்டிக்கொண்டு கிடந்தது. டிஷ்யூவாலை வழிச்சுக் குப்பைக்கை போட்டிட்டுத்தான் கழுவினனான். குப்பைப் பையையும் கீழை கொண்டுபோய்ப் போட்டிட்டன். மச்சாளுக்கு ஒரு வேலை குறைஞ்சுதெல்லோ?"

"ஓம் ஓம். நல்லது பிள்ளை," என்றார். மறுகணம் செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினார்.

எல்லா பிளாட்டுக்கும் பொதுவான பெரிய குப்பைத்தொட்டிக்குள் இவர் தலைகீழாகத் தொங்க, நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேல்மாடிக்காரி யன்னலைத் திறந்து பார்த்தாள். பார்க்கட்டும்! மீன்முள்ளுக்கு நடுவே கசங்கிக் கிடந்த டிஷ்யூக்களையெல்லாம் பொறுக்கினோம். மேலே வந்து ஒவ்வொன்றாக ஸ்பிரிட்டில் ஊறவைத்து, ஊசியால் விரித்து விரித்துப் பார்த்தார். ஒன்றிலும் இல்லை. அடுத்ததை எடுத்தார். எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். குழம்பு நிறத்தில் இருந்த கடைசித் துண்டை விரித்தவர், என் கையைப் பிடித்து மைக்ரோஸ்கோப்புக்கு இழுத்தார்.

ஒரு கவ்வி பிய்ந்து நார்நாராகக் கிடந்தது. மற்றது முழுசாக இருந்தது.

"கவ்வியிலை ரெண்டு பல்லு, வல்லி! மற்ற இனத்துக்கு ஒண்டுதான். இதுக்கு ரெண்டும் இருக்கு!"

நான் அந்தத் தரையிலேயே இருந்து அழுதேன்.

கட்டுரை வெளிவந்தது. பூச்சியின் பெயரில் ஒதியம்போ இருக்கிறார். நடந்ததை ஒருவருக்கும் மூச்சுவிடக்கூடாது என்று எனக்குக் கட்டளை. அடுத்தமுறை தவமலர் வந்தபோது அந்தக் கட்டுரையைத் தூக்கிவைத்துப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்ன அண்ணை, ஒரு பக்கம் பிய்ஞ்சுபோய்க் கிடக்கு? ஒழுங்கான ஒண்டாப் பாத்துப் போட்டிருக்கலாமே."

உண்மை எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இருந்தது இது ஒண்டுதான் பிள்ளை," என்றார். அவள் சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு தானே சிங்க்குக்குப் போனார்.