மலை மீனுக்கு ஏர்கோன்

அப்பாவின் லோரி வாசலில் வந்து நின்றால் முதலில் முட்டைக்கோஸ் வாடைதான் வீட்டுக்குள் நுழையும். கேமரன் மலையிலிருந்து கிள்ளான் பாசாருக்குக் காய்கறி ஏற்றி வந்த அவரிடம், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, அங்கே ஏரியில் சுண்டுவிரல் நீளத்தில் மீன் இருக்கிறதாமே, எனக்கு ஒன்று வேண்டும் என்று ஒரு மாதம் நச்சரித்தேன். ஒருநாள் சாயங்காலம் ஜாம் பாட்டிலில் அது வந்து சேர்ந்தது.

"குளுர்ல பொறந்தது ம்மா. சூடு பட்டா போயிரும்" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

கிள்ளான் வெயிலில் குளிருக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் ஓர் "ஏர்கோன்" இருந்தது, அப்பா அம்மா அறையில். ஆனால் அது விருந்தாளிகளுக்கானது. ஈப்போ அத்தை வந்தால் ஓடும்; மற்ற நாட்களில் அதன் ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள், அம்மாவின் அலமாரியில், நகைகளுக்குப் பக்கத்தில் கிடக்கும். நான் அழுத அழுகையில் அம்மா அதை வெளியே எடுத்தார். மீன் அத்தையின் அந்தஸ்துக்கு உயர்ந்தது.

அன்றிலிருந்து நாங்கள் ஐந்து பேரும் மீனுக்குத் துணையாக அந்த அறைக்கே குடிபெயர்ந்தோம். சாப்பாடு, வீட்டுப்பாடம், அம்மாவின் நாடகம் எல்லாம் அங்கேதான். கதவைச் சாத்து, மீனுக்குச் சூடு அடிக்கிறது என்று போர்வைக்குள்ளிருந்து அம்மா அதட்டுவார். மீனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பதறி நான் பள்ளியிலிருந்து ஓடி வருவேன். அண்ணன்கள் இருவரும் ஓடி வருவார்கள், அவர்கள் கவலை வேறு. மூன்றாம் வாரம் மீன் குட்டி போட்டது. மலை மீன் அப்படித்தான் என்று அப்பா விளக்கம் சொன்னார். அது ஒரு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தது.

போன மாதம் என் மகளோடு கேமரன் மலைக்குப் போனேன். ஏரிக்கரையில் தூண்டில் போட்டிருந்த ஓர் அங்கிள் காட்டிய அந்தச் சுண்டுவிரல் மீன் ஒல்லியாக, வெள்ளியாக, பக்கவாட்டில் கறுப்புக் கோட்டோடு இருந்தது. முட்டைதான் இடுமாம். எங்கள் மீனுக்கு நல்ல தொப்பை. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அது நம்ம பின்பக்கத்து லொங்காங் மீனு லா. மொத நாளே தெரியும்" என்றார்.

லொங்காங் சாக்கடையின் வெந்நீரில் சொகுசாக வளர்ந்த ஜீவனைக் குளிரில் வாட்டியிருக்கிறோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்ததே என்றார் கொஞ்சமும் வெட்கமில்லாமல். இப்போது அந்த லொங்காங்கைச் சிமெண்டுப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். என் வீட்டில் அறைக்கு ஓர் ஏர்கோன், ஆளுக்கொரு சாத்திய கதவு.

அப்பா போனை வாங்கினார்.

"நெசமாவே புடிச்சேன் ம்மா. மலையடியில தாப்பா ஊருக்கு எறங்குறதுக்குள்ள செத்துப்போச்சு. நீ வாசல்ல நிப்பேன்னு தெரியும். வெறுங்கையோட எப்படி வர்றது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் களைத்த மனிதர், லோரியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு லொங்காங்கில் இறங்கியிருக்கிறார்.