ஆப்பிள் கேக் பரீட்சை

பகலெல்லாம் அவளுக்கு டிக்கெட் கவுன்டரின் கண்ணாடிக் கூண்டு. ஊர் உலகமெல்லாம் போய்வர டிக்கெட் அடித்து நீட்டுவாள். அவள் மட்டும் ஆறு வருடமாக எங்கேயும் போனதில்லை.

மகளுக்குக் கோதுமை ஆகாது. ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் நாலு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். டாக்டர் சொன்ன அன்றைக்கே மைதா, ரவை எல்லாம் வீட்டைவிட்டு வெளியேறின. அம்மாவான இவள் அடுப்படிக்குள் மாட்டிக்கொண்டாள். லாரி ஓட்டும் கணவன் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை.

இந்த முறை ஆபீஸ் தோழிகள் விடவில்லை. மூன்று நாள் கடற்கரை, நாளைக் காலை வண்டி. பையெல்லாம் கட்டி வாசலில் வைத்தாயிற்று. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தையல்கடை வைத்திருக்கும் நாத்தனார் வந்துவிட்டாள். ஆனாலும் இவள் மனசு கேட்கவில்லை, ஒரு பரீட்சை வைத்தாள்: கோதுமை படாத ஆப்பிள் கேக்கை நாத்தனார் தனியாகச் செய்துகாட்ட வேண்டும். முடியும்வரை இவள் சமையலறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது நாத்தனாரின் பதில் நிபந்தனை.

"அண்ணி, அரிசி மாவைச் சலிச்சீங்களா?"

"சலிச்சாச்சு."

"பாதாம் பொடி?"

"போட்டாச்சு. கலக்கி அரைமணி நேரம் ஊறவும் வெச்சாச்சு. நீ என்ன, லீவுலயும் கவுன்டர்ல உக்காந்து கேள்வி கேக்கற?"

"அம்மா, காலை ஆட்டாத," என்றாள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள். "மேஜையே ஆடுது."

பட்டையும் ஆப்பிளும் வெந்து வீடே மணத்தது. நாத்தனார் டின்னை மேஜைக்குக் கொண்டுவந்து கவிழ்த்ததும் கேக் ஒரு துணுக்குகூட ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. இவளுடைய கேக்கில் பாதி எப்போதும் டின்னோடு தங்கிவிடும். "என்னைவிட நல்லா வந்திருக்கு அண்ணி," என்று மனசாரச் சொன்னாள்.

துண்டை வாய்க்கருகே கொண்டுபோன மகள் நிறுத்தினாள்.

"அத்தை, எப்படி ஒட்டாம வந்துச்சு?"

"அது என் டின் கண்ணு. இங்க வந்து மெனக்கெட வேணாம்னு வீட்டுலயே வெண்ணெய் தடவி, மேல மைதா தூவி..."

மகள் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

"உள்ள போடற மாவையே நெனச்சிட்டிருந்தேன்," என்றாள் நாத்தனார். குரல் உடைந்திருந்தது. "டின்னுக்கு இருபது வருஷமா தூவற கை. தானா போயிடுச்சு. ரெண்டு திட்டு திட்டிடு."

"திட்டி என்ன ஆகப்போகுது அண்ணி."

"ஏம்மா மூஞ்சி இப்படிப் போச்சு?" மகள் திரும்பி வந்தாள். "நான்தான் கேட்டுட்டேன்ல. நாளைக்கும் கேப்பேன். நீ கெளம்பு."

பரீட்சையில் அத்தை தோற்று மகள் தேறியிருந்தாள். இவளுக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் கேட்காமல் விட்டிருந்தால்? அந்த ஒரே கேள்வி காலைக் கட்டிப் போட்டது.

"சரி, கெளம்பறேன்," என்று எழுந்தாள். எழுந்தவள் சமையலறைக்குள் போனாள். நாத்தனாரின் டின்னைக் கவரில் போட்டு முடிந்தாள், மேடையை இரண்டு முறை துடைத்தாள், தன் டின்னை எடுத்தாள், ஆப்பிள் தோலைச் சீவ ஆரம்பித்தாள். போன் அடித்தது. தோழிதான்.

"நீங்க போயிட்டு வாங்கடி," என்றாள், சீவுவதை நிறுத்தாமல்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "பையை எடுத்து உள்ள வெச்சிடவா?"

"அங்கயே இருக்கட்டும் அத்தை," என்றாள் மகள்.