காஸ்மிரின் அரிப்பு

எங்கள் மஹெங்கே மலைச்சரிவில் ஆற்று ஈ கடித்துத் தோலுக்குள் புழுக்குஞ்சு சேராத வீடு குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு மாத்திரை கொடுப்பவள் என் தங்கை தியோபிஸ்டா. ஊர்க்கூட்டத்தில் இந்த வேலைக்கு அவள் பெயரைச் சொன்னபோது நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். கோடு போட்ட கம்பின் அருகே ஆளை நிறுத்துவாள். தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதற்குத் தக்க எண்ணிக்கையில் மாத்திரை.

இந்த முறை கொடுத்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டு ஃபெலிஸ்தா நாலைந்து ஆண்களோடு வாசலில் நின்றாள். அவள் கணவன் காஸ்மிருக்கு முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பாம்.

"உன் மாத்திரை என் புருஷனைத் தின்னுது. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ இந்த ஊர்ல இருக்க மாட்ட."

ஆண்களின் கையில் தடி. நான் முன்னால் போய் நின்றேன். தியோபிஸ்டா என்னை விலக்கிவிட்டு அவர்களோடு நடந்தாள்.

காஸ்மிர் காய்ந்த சோளக் கட்டையால் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் வழிந்தது. தியோபிஸ்டா கட்டையைப் பிடுங்கினாள். மாத்திரையால் செத்த புழுக்குஞ்சை அழிக்க உடம்பின் காவல் அணுக்கள் ஓடி வருகின்றன, அவை கக்குவது நரம்பைத் தூண்டுகிறது, நரம்பு சொறியச் சொல்கிறது, சொறிந்த இடத்துக்கு இன்னும் காவல் அணுக்கள் வருகின்றன என்று பயிற்சியில் கேட்டதைச் சொன்னாள். அவன் தோல் வருஷக்கணக்கில் உடும்புத்தோலாய்த் தடித்ததும் இப்படித்தான் என்றாள். யாரும் தலையாட்டவில்லை.

"அப்போ எனக்கு மட்டும் ஏன் இவ்ளோ?" என்ற காஸ்மிர், மனைவியைப் பார்க்காமல் சொன்னான்: "கம்புகிட்ட தடிச்ச டயர் செருப்போட நின்னேன். ஒரு மாத்திரை கூடக் கிடைக்கும்னு."

"பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நீ அவ்ளோ ஒசரமா நிக்கலையேடா" என்றான் தடிக்காரர்களில் ஒருவன். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

செருப்பைக் கழற்றச் சொல்லத் தியோபிஸ்டா மறந்திருந்தாள்.

"ஒண்ணு கூடினதால ஒண்ணும் ஆகாதுண்ணே. உங்களுக்குப் புழு அதிகம், அதான். மூச்சு முட்டுதா?"

இல்லை என்றான். செவிலியரை அழைத்துவர ஆள் போனது. தியோபிஸ்டா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டு, சொறியாதபடி அவன் விரல்களைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். தடிக்காரர்கள் போகவில்லை. நான் அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாயும்போது செவிலியர் வந்து ஊசி போட்டார். அரிப்பு தணிந்து அவன் தூங்கினான். ஃபெலிஸ்தா தடிகளை வாங்கி அடுப்படியில் போட்டாள்.

திரும்பும் வழியில் தியோபிஸ்டா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மூச்சு முட்டுதுன்னு அவர் சொல்லியிருந்தா, என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது."