முழங்காலை மடக்க லொய்க்கர்பாட் போனேன்

மகளின் கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை. மணவறையில் நிலத்தில் சம்மணம் கட்டியிருந்து அவளைத் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டியவன் நான். சுவிஸில், ஷ்லீரனில் இருபத்திரண்டு வருடம் உணவகக் குசினியில் நின்ற வலது முழங்காலோ மடங்க மறுக்கிறது. ஐயர் கதிரை போடலாம் என்றார். கதிரையில் குந்திப் பெண் கொடுக்கிற ஆள் நான் இல்லை. ஜப்பான் வெந்நீர்க் குளியல் மூட்டுக்கு நல்லது என்று கேள்விப்பட்டேன். லீவு கிடைத்திருந்தால் ஜப்பானுக்கே போயிருப்பேன். கிடைக்காததால், வெந்நீர் ஊற்றுள்ள மலையூரான லொய்க்கர்பாட்டில் அப்படியொன்று இருக்கிறதென்று புறப்பட்டேன்.

போன செவ்வாய் காலை ஏழு மணிக்கு மனுசியுடன் எஸ்-பான் ரயில் ஏறினேன். சூரிச், விஸ்ப், லொய்க் என்று மாறி, பிறகு மஞ்சள் பஸ், பத்தரைக்கு லொய்க்கர்பாட். அரைவிலை அட்டையில் ஆளுக்குப் போகவர எண்பது பிராங். மலைப்பாதையில் ஒரு பக்கம் பாதாளம். இவ்வளவு துணிச்சலாக எட்டிப் பார்த்த பயணி நீர்தான் என்று சாரதி சொன்னார். எனக்கு அப்படித்தான் விளங்கியது.

ஜப்பான் முறையில் கட்டிய சிறிய குளியல் விடுதி. அரைநாளுக்கு 48 பிராங். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளம். ஊற்றில் ஐம்பத்தொரு பாகையில் வரும் நீரை நாற்பதுக்கு ஆற்றி விடுகிறார்கள். எனக்கு ஆற்றாமலே விட்டிருக்கலாம்.

வெந்நீரில் முழுகுவதென்றால் முதலில் எண்ணெய் வைக்க வேண்டும், இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடைமாற்றும் அறையில் அரைப்போத்தல் நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு இறங்கினேன். ஒரு நிமிடத்தில் குளம் முழுக்க வானவில். பக்கத்திலிருந்த இரண்டு சுவிஸ்காரர் எழும்பிப் போய்விட்டார்கள்.

குளத்துக்குப் பொறுப்பான ஜப்பான்காரர் வந்து, குழாயடியில் ஒரு சாண் உயரப் பலகையைக் காட்டினார். அதில் குந்தியிருந்து சோப் போட்டுக் கழுவிய பிறகுதான் குளமாம். நின்றபடி கழுவுகிறேன் என்றேன். மற்றவர்களுக்குத் தெறிக்கும் என்றார்.

"இருந்தா என்னால எழும்ப ஏலாது," என்று என் ஜெர்மனில் சொன்னேன்.

"எழுப்ப நான் நிக்கிறன்," என்றார்.

இருந்தேன். வலி மண்டை வரை ஏறியது. எண்ணெய் மூன்று சோப்புக்குப் பிறகுதான் போனது. மூன்றாம் முறை பாதத்தை எட்டித் தேய்த்தபோது பார்த்தேன், முழங்கால் மடங்கியிருந்தது. சம்மணம் அளவுக்கு இல்லை, ஆனால் மடங்கியிருந்தது. பிறகு அவர் பிடித்து எழுப்பிவிட, ஒரு மணித்தியாலம் வேறு குளத்தில் ஊறினேன்.

வாசலில் மனுசி என் தலையை மணந்து பார்த்தாள்.

"எண்ணெய் வைச்சனீங்களோ?"

"ஓம்."

"உங்களை ஆரெண்டு கேட்டவை. தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

பஸ் தரிப்பிடத்திலிருந்தே ஐயருக்குப் போன் அடித்து, சாண் உயரப் பலகையில் இருந்து தாரைவார்க்கலாமோ என்று கேட்டேன்.

"பலகையும் ஆசனம்தானே, தாராளமாய் இருங்கோ. எழும்பேக்க ஆர் பிடிக்கிறது?"

மனுசி போனை வாங்கினாள். "பக்கத்திலதானே இருக்கப்போறன், ஐயா. நான் பிடிப்பன்."

போகிறவர்கள் வார நாளில் போங்கள். துவாய் கொண்டுபோங்கள், வாடகை ஆறு பிராங். எண்ணெயை வீட்டில் வைத்துவிடுங்கள். மூட்டுவலிக்காரர் குளத்துக்கு ஓடாமல் அந்தப் பலகையில் ஆறுதலாக இருந்து கழுவுங்கள். பாதி வைத்தியம் அங்கேதான். நான் அதே உயரத்தில் ஒரு பலகை அடித்து, தினமும் அரை மணித்தியாலம் இருந்து பழகுகிறேன். மணவறையில் எனக்குக் கதிரை வேண்டாம் என்று மண்டபக்காரருக்குச் சொல்லியாயிற்று.