கலவரம் நடக்கவில்லை என்ற அத்திம்பேர்

தினசரிக் காலண்டரிலிருந்து பதினொரு தாள்களை ஒரே இழுப்பில் கிழித்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தில்தான் அத்திம்பேர் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். என் அக்காவின் கணவர். திருவனந்தபுரம் கரமனை வீட்டுக் கூடத்தில் சாலைக் கடைத்தெரு அரிசி மண்டிக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கும். நடுவில் ஆங்கிலத் தேதி கொட்டை எழுத்தில், ஒரு பக்கம் தமிழ்த் தேதி, மறுபக்கம் மலையாளத் தேதி. ஒரு செப்டம்பர் மூன்றாம் தேதி காலையில், மூன்று முதல் பதின்மூன்று வரை எல்லாவற்றையும் உருவிவிட்டார் மனுஷர். சுவரில் பதினான்கு சிரித்துக்கொண்டிருந்தது. காப்பியோடு வந்த அக்கா, "ஏகாதசியும் போச்சு, பிரதோஷமும் போச்சு. திருவோணத்தையும் சேர்த்துக் கிழிச்சாச்சாக்கும்? போதும், இனி பொங்கலுக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

அத்திம்பேர் கல்லூரியில் சரித்திரப் பேராசிரியர். இங்கிலாந்தை வரிசையாக ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்தைத் திருவனந்தபுரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று நான் ஒருமுறை கேட்டு, ஒரு வாரம் அந்த வீட்டில் எனக்குக் காப்பி ஆறித்தான் வந்தது. நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட அந்தச் சரித்திரத்தில் அவர் மனசு குடியிருந்தது ஒரே ஒரு வருஷத்தில்: 1752. அந்த வருஷம்தான் பிரிட்டன் பழைய நாட்காட்டியைக் கைவிட்டு, ஐரோப்பாவின் பெரும்பகுதி ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்த புதிய நாட்காட்டிக்கு மாறியது. செப்டம்பர் இரண்டாம் தேதி, புதன்கிழமை, படுக்கப் போன ஜனங்கள், மறுநாள் வியாழக்கிழமை பதினான்காம் தேதியில் கண் விழித்தார்கள். நடுவில் இருந்த பதினொரு நாட்களை நாடாளுமன்றம் சட்டம் போட்டு இல்லாமல் ஆக்கிவிட்டது.

இதுவரை தகராறு இல்லை. தகராறு அடுத்த வரியில். 'எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு என்று மக்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தனர்' என்று மாணவர்கள் பரீட்சைக்குப் படித்த எல்லா கைடுகளிலும் இருந்தது. அப்படி ஒரு கலவரம் நடந்ததற்குச் சாட்சியமே கிடையாது என்பது அத்திம்பேரின் கட்சி. ஓர் ஓவியன் தேர்தல் கூத்தைக் கேலி செய்து வரைந்த படத்தில் அப்படி எழுதிய அட்டை ஒன்று கிடந்தது; பின்னால் வந்தவர்கள் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு ஊரையே கொளுத்திவிட்டார்கள் என்பார். "ஜனங்கள் அவ்வளவு மடையர்கள் இல்லைடா. தேதிக்காக எவனாவது சண்டை போடுவானோ?" இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் மனித குலத்தின் மேல் ஒரு வாஞ்சை தெரியும். சரித்திரம் படித்தவர்களிடம் அபூர்வமாகக் காணப்படும் வியாதி அது.

கிழித்த தாள்களை அன்று வகுப்புக்கு எடுத்துப் போனார். நாட்காட்டி இவ்வளவு அமைதியாக மாறியது என்று காட்டுவதுதான் உத்தேசம். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "சாரே, எங்கள் ஓண லீவைத் திருப்பித் தாருங்கள்" என்று மலையாளத்தில் குரல் கொடுத்தான். வகுப்பு முழுக்க மேஜையைத் தட்டி அதையே கோஷம் போட்டது. இங்கிலாந்தில் நடக்காத கலவரம் அத்திம்பேரின் வகுப்பில் நடந்தது. அந்த வருஷப் பரீட்சையிலும் எல்லோரும் கலகத்தைப் பற்றியே எழுதினார்கள். தன்னிடம் திருத்த வந்த தாள்களுக்கு இவர் மதிப்பெண் கொடுக்கவில்லை. வேறு ஊரில் திருத்தியவர்கள் வாரிக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும் வரை இப்படியே போயிற்று.

அவர் போனது ஒரு மாதத்தின் வாசற்படியில். வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சூரியன் அடுத்த ராசிக்குப் போவதுதான் தமிழுக்கும் மலையாளத்துக்கும் மாதப் பிறப்பு. ஆனால் சாயங்காலத்துக்குள் போனால் அன்றைக்கே மாதம் பிறந்தது என்பது தமிழ்ப் பஞ்சாங்கம். உச்சி சாய்ந்து சற்று நேரத்துக்குள் போகாவிட்டால் மாதம் நாளைக்குத்தான் என்பது மலையாளக் கணக்கு. அந்த வருஷம் சூரிய பகவான் பிற்பகல் நாலு மணி வாக்கில் சாவகாசமாகப் போனார். ஆகவே அத்திம்பேர் மறைந்த நாள் தமிழில் ஆவணியின் முதல் நாள். மலையாளத்தில் கர்க்கடகத்தின் கடைசி நாள்.

அவருக்கு ஒரு பிள்ளை, ஒரு பெண். பிள்ளை தமிழ் வழக்கப்படி ஆவணி மாதத்துத் திதியில் சிராத்தம் செய்கிறான். வழுதக்காட்டில் மலையாளிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், அந்த ஊர் வழக்கப்படி கர்க்கடக மாதத்து நட்சத்திரத்தில் திருவல்லம் ஆற்றங்கரையில் பலி, அதாவது பிதுர்களுக்குப் பிண்டம், போடுகிறாள். இரண்டுக்கும் நடுவில் சில வருஷம் ஒரு மாதம்கூட இடைவெளி விழும். ஒருவர் செய்வதற்கு மற்றவர் வருவதில்லை. வந்தால் அந்த நாளை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. வருஷத்தில் ஒரு நாள் இரண்டு பேரும் அவள் எதிரில் உட்கார்ந்து அப்பாவை நினைத்துச் சாப்பிட வேண்டும். சமாதானத் தூதுவனாக என்னை அனுப்பினாள். பத்திரிகையில் ஹாஸ்யக் கட்டுரை எழுதுகிறவனை எந்த வீட்டிலும் தீவிரமாக எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு வேறு தம்பி இல்லை.

"மாமா, திதிதான் சாஸ்திரம். அவ கர்க்கடகத்துல பண்ணினா அது அப்பாவுக்குப் போய்ச் சேராது. யாருக்குப் போகும்னே தெரியாது" என்றான் அக்கா பிள்ளை. "இந்த ஊர்ல பொறந்து, இந்த ஊர்ல வேலை பாத்து, இந்த ஊர்லயே போனவர். அவருக்கு எதுக்கு மாமா தஞ்சாவூர்க் கணக்கு?" என்றாள் அக்கா பெண். இரண்டு பேருக்கும் பொதுவாக ஆங்கிலத் தேதியை வைத்துக்கொள்ளலாமே, அவர் வாழ்நாளெல்லாம் பாடம் எடுத்த நாட்காட்டி ஆயிற்றே என்று நான் சொன்னேன். "அது என்ன பர்த்டேயா?" என்று இருவரும், தனித்தனி வீட்டில், ஒரே வார்த்தைகளில் கேட்டார்கள். அந்தக் குடும்பத்தில் நான் ஏற்படுத்திய ஒரே ஒற்றுமை அதுதான்.

போன வருஷம் அக்காவே சட்டம் போட்டாள். இரண்டு நாளுக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "சாஸ்திரம் உங்களோட இருக்கட்டும். சாப்பாடு என்னோட" என்று போனில் சொன்னாள். இருவரும் சரி என்றார்கள். இத்தனை சுலபமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அத்திம்பேரின் கட்சி ஜெயித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை போனேன். சேனை எரிசேரி, பருப்புப் பாயசம், எல்லாம் அவருக்குப் பிடித்தவை. நான்கு இலை போட்டிருந்தாள். பதினோரு மணிக்குப் பிள்ளை போன் செய்தான். "சிராத்தம் பண்ணிவைக்கற வாத்தியார் கிட்டக் கேட்டேன் மாமா. அப்பாவை நினைச்சு இலை போட்டா அதுவும் சிராத்தம் மாதிரிதானாம். வருஷத்துல ரெண்டு கூடாதுங்கறார். அம்மா கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்கோ." பெண்ணைப் போனில் அழைத்தேன். அவள் வீட்டிலிருந்து கரமனைக்கு ஆட்டோவில் பதினொரு நிமிஷ தூரம் என்று சொன்னால் கொஞ்சம்தான் பொய். "அவன் வரலியா? பின்னே நான் மட்டும் எதுக்கு? தோத்துட்டு வந்தா மாதிரி ஆயிடும். அவன் வரட்டும், நானும் வரேன்." நான் கோபப்பட்டேன். கெஞ்சினேன். கடைசியில் ஒரு ஜோக்கும் சொன்னேன். அது என் தொழில் வாழ்க்கையிலேயே மோசமான ஜோக்.

உள்ளே வந்து அக்காவிடம் பக்குவமாகச் சொல்ல வாயைத் திறந்தேன். "கேட்டுது" என்றாள். என் இலையில் பரிமாறினாள். தானும் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். பாதிச் சாப்பாட்டில், "ஏண்டா, அங்க ஒரு கலவரமும் நடக்கலை, ஒருத்தனும் கல்லெறியலைன்னு உங்க அத்திம்பேர் சொல்லிண்டே இருப்பாரே. அப்ப அவாள்லாம் என்னதான் பண்ணினா?" என்று கேட்டாள்.

அவர் சொல்லி நான் கேட்டிருந்தது ஞாபகம் வந்தது. "ஒண்ணும் பண்ணலை அக்கா. சில ஊர்கள்ல புதுத் தேதிப்படி கிறிஸ்துமஸ் வந்தபோது அவாவா பாட்டுக்கு வேலையைப் பாத்துண்டு இருந்துட்டா. கோயிலுக்குப் போகலை. பழைய தேதி வந்தப்புறம் அவாவா வீட்ல கொண்டாடிண்டா."

"அதுக்குக் கல்லெறிஞ்சிருக்கலாம்" என்றாள் அக்கா. "கல்லெறியணும்னாலாவது தெருவுக்கு வந்திருப்பா."

பாயசத்தை என் இலையில் இரண்டாம் முறையாக விட்டாள். பிறகு மூன்றாம் முறையும் விட்டாள். எனக்குச் சர்க்கரை வியாதி என்று அவளுக்குத் தெரியும். நான் போதும் என்று சொல்லவில்லை.